மில் இருந்த இடத்தில் பதினான்கு மாடி: எங்கள் வீதி என்ன கேட்கலாம்?

கேள்வி: வணக்கமுங்க. கோவையில் சிங்காநல்லூருக்கும் பீளமேட்டுக்கும் நடுவில், பழைய மில் ஒன்றின் வடக்குப் பக்க வீதியில் குடியிருக்கிறோம். 30 அடி ரோடு. ஒரு பக்கம் மில் காம்பவுண்டுச் சுவர், எதிர்ப்பக்கமும் உள்வீதிகளிலும் மூணு சென்ட், நாலு சென்ட் சைட்டில் ஓட்டு வீடும் ஒற்றை மாடி வீடுமாக அறுபது வீடு இருக்கும். மில் மூடி வருசக்கணக்காகிவிட்டது. இப்போது அந்த மூணு ஏக்கரில் பதினான்கு மாடியில் 320 வீடு வரப்போகிறதாம். புக்கிங்கே ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. வெயில் போய்விடும், போர் வற்றிவிடும், மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நடும் வீதி கார் நிறுத்தும் இடமாகிவிடும் என்று பாதிப் பேர் பயப்படுகிறோம். மீதிப் பேர், என் மச்சாண்டார் உட்பட, “வரட்டும், சென்ட்டு விலை ஏறும், கெடுத்துப் போடாதீங்க” என்கிறார்கள். வெளியாட்கள் ஆயிரம் பேர் வந்தால் இது நம்ம வீதியாக இருக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இதை நிறுத்த முடியுமுங்களா? கோர்ட்டுக்குப் போகலாமுங்களா?

ஒரு வாசகி, கோவை

பதில்: வணக்கம் அம்மா. நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மில் நிலம் தனியார் சொத்து. விதிக்கு உட்பட்டு அதில் கட்டுவதற்கு அக்கம்பக்கத்தாரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. அதனால் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் மனு, எத்தனை கையெழுத்து இருந்தாலும், பெரும்பாலும் எடுபடாது. ஆனால் அந்தக் கட்டடம் மூணு ஏக்கரில் எந்த இடத்தில் நிற்கும், வாசலை எந்தப் பக்கம் வைக்கும், எங்கிருந்து தண்ணீர் எடுக்கும், தோண்டும்போது உங்கள் சுவருக்கு என்ன ஆகும் என்பதில் உங்கள் வீதி பேசுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. அதை வரைபடம் ஒப்புதல் ஆவதற்கு முன்னால் பேச வேண்டும். நகரமைப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் வீதிக்கு நான் சொல்வது இதைத்தான்: கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுவதை விட்டுவிட்டு, எப்படி நிற்க வேண்டும் என்று கேளுங்கள்.

எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயரமான கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகல ரோடு வேண்டும். உங்கள் 30 அடி வீதி 9 மீட்டர் சொச்சம்தான், அதைக் காட்டிப் பதினான்கு மாடிக்கு அனுமதி வாங்க முடியாது. மில்லின் தெற்கே மெயின் ரோடு போகும் அல்லவா, அதைக் காட்டித்தான் வாங்குவார்கள். 18 மீட்டர், அதாவது 60 அடி ரோடு இருந்தால் எஃப்எஸ்ஐ 3.25. மனையைப் போல மூன்றேகால் மடங்கு தளப்பரப்பு கட்டலாம். மூணு ஏக்கர் என்பது 12,140 சதுர மீட்டர். அதற்கு 39,000 சதுர மீட்டருக்கு மேல், நம் கணக்கில் நாலேகால் லட்சம் சதுர அடி வருகிறது. நீங்கள் கேள்விப்பட்ட 320 வீடு இதற்குப் பொருந்துகிறது. பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று அரசுக்குப் பணம் கட்டி, அந்த அகல ரோட்டில் இன்னும் 50 சதவீதம் வரை வாங்கவும் வழி இருக்கிறது. ஆகவே வெறுமனே உயரத்தை எதிர்த்துப் பேசினால் விதி அவர்கள் பக்கம் நிற்கும்.

ரோட்டை வைத்துப் பேசுங்கள். பெயரில் 60 அடி ரோடாக இருக்கும், அளந்தால் ஐம்பதோ ஐம்பத்திரண்டோ வரும் இடங்கள் நம் ஊரில் நிறைய. 18 மீட்டர் இல்லையென்றால் எஃப்எஸ்ஐ குறையும், மாடியும் குறையும். மில் வாசல் பக்கத்தில் மட்டும் அளந்து பார்த்தால் போதாது. கொஞ்ச தூரம் போய், ரோடு எங்கே குறுகுகிறது என்றும் பாருங்கள், அந்த இடத்தின் புல வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மனுவில் இந்த அளவுகளைத் தேதியோடு எழுதினால் அதற்கு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது நில உபயோகம். மில் இருந்த நிலம் நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) தொழிற்சாலைப் பகுதியாக இருந்தால், வீடு கட்டுவதற்கு முன் அதைக் குடியிருப்புப் பகுதியாக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்துக்குப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். சட்டம் உங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும் இடம் இது. கோவைக்கு 1994இல் ஒப்புதல் பெற்ற திட்டம்தான் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. 2041ஐ நோக்கிய புதிய திட்டத்தின் வரைவு 2024இல் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அந்த சர்வே எண் இப்போது எந்தப் பகுதியில் வருகிறது, மாற்றம் ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்பதை உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

காகிதம் கையில் இல்லாமல் யாரிடமும் பேசப் போகாதீர்கள். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, விண்ணப்பம் வந்திருக்கிறதா, வரைபடம், தடையின்மைச் சான்றுகள் என்னென்ன என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். புக்கிங் ஆரம்பித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீட்டுக்கு மேலோ கட்டி விற்கும் திட்டம், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவாகாமல் விளம்பரம் செய்வதும் முன்பணம் வாங்குவதும் குற்றம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தேடுங்கள். பதிவாகியிருந்தால் ஒப்புதல் விவரங்களை அங்கேயே பார்க்கலாம். பதிவு இல்லாமல் பணம் வாங்கினால் அங்கே புகார் கொடுங்கள். அது வாங்குகிறவர்களுக்கும் நல்லது.

இனி வெயில். பதினான்கு மாடி சுமார் 45 மீட்டர் உயரம் வரும் என்று வைத்துக்கொள்வோம். கோவை பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அங்கிருந்து ஆவணி ஆரம்பம் வரை நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால், அந்த மாதங்களில் உங்கள் பக்கம் மதிய நிழலே விழாது. கஷ்டம் மார்கழியில். டிசம்பர் 21 வாக்கில் நண்பகல் நிழல் வடக்கே 31 மீட்டர் நீளும். இந்த உயரத்துக்குக் கட்டடத்தைச் சுற்றி 10 மீட்டர் இடம் விட வேண்டும் (30 மீட்டர் உயரம் வரை 7 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் 1 மீட்டர் கூடுதல்). அதோடு வீதி 9 மீட்டர். மீதி 12 மீட்டர் நிழல் எதிர்வரிசை வீடுகள் மேல் விழும். மூணு சென்ட் சைட்டின் முழு நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதல் வரிசைக்குப் பனிக்காலத்தில் மதிய வெயில் போய்விடும் என்ற உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உள்வீதிகளில் இருப்பவர்களும் அதே பயத்தைச் சொல்லத் தேவையில்லை. காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளமாக விழும், ஆனால் நகர்ந்துகொண்டே போகும்.

இதற்குத் தீர்வு மாடியைக் குறைப்பதில் மட்டும் இல்லை. மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், ரோட்டுக்கு விட்டது போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதைவிடச் சின்ன மனைக்காரர்கள் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம், இவர்களால் முடியாது. மூணு ஏக்கருக்கு ஏறக்குறைய 30 சென்ட் வரும். வழக்கமாக இந்த 30 சென்ட்டை யாருக்கும் உதவாத ஏதோ ஒரு மூலையில் ஒதுக்கிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அங்கே குப்பை விழும். அந்தப் பூங்கா நிலத்தை உங்கள் வீதியை ஒட்டி நீளவாக்கில் கேளுங்கள். மில்லின் வடக்கு எல்லை 300 அடி என்றால் 43 அடி அகலத்துக்கு ஒரு பட்டை கிடைக்கும். அதற்கும் தெற்கே 10 மீட்டர் தள்ளிக் கட்டடம் நின்றால், மார்கழி மாதத்து நண்பகல் நிழல்கூட உங்கள் வாசல்படியைத் தொடாது. காம்பவுண்டை ஒட்டி வேப்பமரமோ தூங்குமூஞ்சி மரமோ இருந்தால் அவையும் அந்தப் பட்டைக்குள் பிழைத்துக்கொள்ளும். அது மாநகராட்சியின் நிலமாக, உங்கள் பிள்ளைகளும் அங்கே குடிவருகிறவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் இடமாக இருக்கும். உங்கள் வீதி கேட்க வேண்டியவற்றில் முதலாவதாக இதை வைக்கிறேன். கட்டுகிறவருக்கு இதில் ஒரு சதுர அடியும் நட்டமில்லை, எங்கே கொடுப்பது என்பதுதான் கேள்வி. அதோடு, கட்டடம் கிழக்கு மேற்காக ஒரே நீளச் சுவராக நிற்காமல் இரண்டு மூன்று பிளாக்காகப் பிரியட்டும், உயரமானது மெயின் ரோட்டுப் பக்கம் போகட்டும் என்றும் எழுதுங்கள்.

அப்புறம் கேட். 320 வீட்டுக்கு 320 காருக்குக் குறையாது, டூவீலர் தனி. இவை மெயின் ரோட்டில் இறங்கினால் அது மெயின் ரோட்டின் சுமை. பின்பக்கம் ஒரு அன்றாட வாசல் வைத்துவிட்டால் உங்கள் வீதி சிக்னலைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியாகிவிடும், கம்பம் நட இடம் இருக்காது. மெயின் ரோட்டின் அகலத்தைக் காட்டி வாங்கும் அனுமதிக்கு, போக்குவரத்தும் அந்த ரோட்டில்தான் இறங்க வேண்டும் என்று கேட்பது முழு நியாயம். வரைபடத்தில் வடக்கு எல்லையில் வாசல் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தீயணைப்பு வண்டிக்கான அவசர வழி என்றால் மறுக்காதீர்கள், ஒரு நாள் அது உயிர் காக்கும். நடந்து வருகிறவர்களுக்கு ஒரு சின்ன வாசல் கேட்டாலும் விட்டுக்கொடுங்கள், உங்கள் மளிகைக்கடைக்கும் டெய்லர் கடைக்கும் வியாபாரம் கூடும். கார் போகும் வாசல் மட்டும் வேண்டாம்.

தண்ணீர்தான் எனக்கும் கவலை. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் கணக்கு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 1,280 பேர், தினமும் 1.7 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பதினான்கு நடை. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம், அதையே எல்லாக் கேள்விக்கும் பதிலாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்து, மூணு ஏக்கரில் விழும் ஒரு சொட்டையும் விடாமல் பிடித்தாலும் சுமார் 73 லட்சம் லிட்டர்தான். ஒன்றரை மாதத் தேவைக்கே போதாது. மிச்சத்துக்குச் சிறுவாணி, பில்லூர் குழாய்த் தண்ணீர் எவ்வளவு, லாரி எவ்வளவு, போர் எவ்வளவு? நம் மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. ஆழத்தில் பெரிய மோட்டார் வைத்து இழுத்தால், அதே வெடிப்பில் இருக்கும் உங்கள் போர் வற்றும், பக்கத்து வீட்டுப் போர் ஒன்றும் ஆகாமல் ஓடும். யாரால் வற்றியது என்று பிறகு நிரூபிப்பது கடினம். அதனால் இப்போதே வீதியில் இருக்கும் ஒவ்வொரு போரின் ஆழத்தையும், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் என்பதையும் மாதம் ஒருமுறை நோட்டில் எழுதி வாருங்கள்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், இது தாண்டுகிறது. இந்த வகைக் கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. என் பார்வையில் இது பெரிய குறை. ஆனாலும் விண்ணப்பத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பார்க்கலாம். தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் சுத்திகரிப்பு எப்படி, மிச்ச நீர் எங்கே போகும் என்று அதில் எழுதியாக வேண்டும். அதைப் படித்து மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு உங்கள் நோட்டின் நகலோடு எழுதுங்கள்.

தோண்டும் வேலையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் வீதிக்கு முதலில் வரப்போகும் தொல்லை அதுதான். கீழ்த்தளப் பார்க்கிங்குக்காகப் பாறையை உடைப்பார்கள். கருங்கல் அஸ்திவாரத்தில் சுண்ணாம்போ மண்ணோ வைத்துக் கட்டிய பழைய ஓட்டு வீட்டுச் சுவர் அந்த அதிர்ச்சியை லேசில் தாங்காது. வெடி வைக்காமல், ரசாயனம் ஊற்றிப் பிளப்பது போன்ற முறையில் உடைக்கக் கேளுங்கள். வேலை ஆரம்பிப்பதற்கு முன் முதல் வரிசை வீடுகளை ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்து, இருக்கும் விரிசலையெல்லாம் தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். இந்த அறிக்கைக்கான செலவைக் கட்டுகிறவரே ஏற்பது நியாயம். ஒழுங்காக வேலை செய்கிற நிறுவனம் மறுக்காது, பொய்ப் புகாரிலிருந்து அதுதான் அவர்களையும் காக்கும்.

வெளியாட்கள் என்ற பேச்சை மனுவில் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். அதிகாரி ஒதுக்கிவிடுவார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அது சரியில்லை என்பதற்காகவும் சொல்கிறேன். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது, பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூர் வரை மில்கள் வரிசையாக எழுந்தன. அந்த மில்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் எத்தனையோ ஊர்க்காரர்கள். லைன் வீட்டில் குடியிருந்து, பிறகு மூணு சென்ட் வாங்கி ஓட்டு வீடு கட்டியவர்களால்தான் உங்கள் வீதி போன்ற வீதிகள் உண்டாயின. இப்போது குடிவரப் போகிறவர்களும் கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்கள்தான். ஊருக்கு வீடு வேண்டும், மூடிய மில்லைப் பாம்பும் புதருமாக விட்டுவைப்பதைவிட அங்கே வீடு வருவது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் மச்சாண்டாரிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய நிலத்துக்கு விலை ஏறும் காரணம், அதில் பெரிதாகக் கட்டலாம் என்பது. 30 அடி வீதியில் இருக்கும் மூணு சென்ட்டில் அப்படிக் கட்ட விதி விடாது. ஆகவே அவர் நினைக்கும் அளவுக்கு ஏறும் என்று நம்பிக் கடன் கிடன் வாங்கிவிட வேண்டாம். அதே சமயம், வாசல் முன்னால் பூங்காவும் அமைதியான வீதியும் இருந்தால் வீட்டுக்கு வாடகையும் விலையும் கூடத்தான் செய்யும். ஆக, பூங்காவையும் கேட்டையும் பற்றிய கோரிக்கையில் அவரும் கையெழுத்துப் போடலாம். இரண்டு கட்சியும் சேர்ந்து கேட்டால் அதற்கு இருக்கும் மதிப்பே வேறு.

ரோட்டின் அளவுகளைத் தவிர, மனுவை இந்த நாலு விஷயத்தோடு நிறுத்துங்கள்: பூங்கா, கேட், தண்ணீர், தோண்டும் வேலை. வார்டு கவுன்சிலர் கூட்டும் பகுதி சபையில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், நாள் தள்ளிப்போகும். உள்ளூர் திட்டக் குழுமத்துக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாளிலும் ஒன்று கொடுங்கள். கட்டுகிற நிறுவனத்துக்கும் ஒரு நகல் போகட்டும், நேரில் உட்கார்ந்து பேசக் கூப்பிடுங்கள். உங்கள் வீதியில் யாராவது செட்பேக் (வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்) விடாமல் மாடி ஏற்றியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்பார்கள். கேட்டால் கோபப்படாதீர்கள், அது அவரவர் பதில் சொல்ல வேண்டிய விஷயம், இந்த மனுவைப் பலவீனப்படுத்தாது.

கோர்ட்டுக்கு இப்போது போக வேண்டாம். ஒப்புதலே ஆகாத கட்டடத்தை எதிர்த்துப் போனால், காலம் வரவில்லை என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். சுற்றுச்சூழல் அனுமதி தண்ணீர்க் கணக்கைப் பார்க்காமல் வந்துவிட்டால் சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். ஒப்புதல் வரைபடத்தை மீறிக் கட்டினால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்கு முன் திட்டக் குழுமத்தில் புகார் கொடுத்த ஆதாரம் கையில் இருக்க வேண்டும். ஒப்புதல் வரைபடத்தைக் கட்டுமான இடத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. வேலை ஆரம்பித்த அன்றே போய் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணி முடிப்புச் சான்று இல்லாமல் இந்த அளவுக் கட்டடத்துக்கு நிரந்தர மின் இணைப்பு தரக் கூடாது. வடக்குப் பக்கம் வரைபடத்தில் இல்லாத கேட் ஒன்று திடீரென முளைத்தால், அந்தச் சான்று கொடுப்பதற்கு முன் புகார் போய்ச் சேர வேண்டும்.